சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் 64: மஷ்ரூம் கிங்டம் ஸ்டேஜ் திறக்கவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

பழைய_பெட்டி:
போன மாதம் ஒரு நிண்டெண்டோ 64 வீடியோ கேம் பெட்டியும் நாலு கார்ட்ரிட்ஜும் (ஆட்டம் பதிந்த கேசட்) செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதில் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை ஆட்டமும் ஒன்று. எனக்கு வேண்டியது ஒரே ஸ்டேஜ்தான் (சண்டைக் களம்), 1985 சூப்பர் மாரியோவை அப்படியே கட்டம் கட்டமாக எடுத்து வைத்த மஷ்ரூம் கிங்டம். ஆரம்பத்தில் இருக்கும் எட்டு வீரர்களையும் வைத்து ஒற்றை ஆட்டத்தை (தனியாக விளையாடுவது) முடித்தால் வரும் என்று எங்கோ படித்துவிட்டு, தினமும் வேலை முடிந்து வந்து ஒருவர் இருவராக எட்டு பேரையும் முடித்தாயிற்று. ஒன்றும் வரவில்லை. கார்ட்ரிட்ஜ் போலியா?

குழாய்க்குள்_பூ:
போலி என்று முடிவு கட்டாதீர்கள், பாதி நிபந்தனையை விட்டுவிட்டீர்கள். எட்டு பேரை முடிப்பது ஒன்று. அது போக ஒருவரோடு ஒருவர் மோதும் வி.எஸ். ஆட்டத்தில் ஆரம்ப ஸ்டேஜ் எட்டிலும் ஒரு தடவையாவது விளையாடியிருக்க வேண்டும். பீச் கோட்டை, காங்கோ காடு, ஹைரூல், ஜீபஸ், யோஷி தீவு, ட்ரீம் லேண்ட், செக்டர் இஸட், சாஃப்ரான் சிட்டி. கூட ஆள் இல்லையென்றால் எதிரே கம்ப்யூட்டரை நிறுத்துங்கள், நேரத்தை 1 நிமிடம் என்று வைத்தால் எட்டும் சீக்கிரம் முடிந்துவிடும்.

பழைய_பெட்டி:
நன்றி, இன்று ராத்திரியே பார்க்கிறேன்.

பழைய_பெட்டி:
எட்டு ஸ்டேஜும் விளையாடியாயிற்று. இன்னும் இல்லை. கடுப்பாக இருக்கிறது.

ஜாய்ஸ்டிக்_தேய்மானம்:
கன்ட்ரோலரின் பின்னால் செருகும் மெமரி பேக் இருக்கிறதா? இல்லாவிட்டால் சேமிப்பு எப்படி நிற்கும்?

ஈயப்பற்று:
இந்த ஆட்டத்துக்கு அந்தப் பேக் தேவையே இல்லை, எல்லாம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயேதான் பதிவாகும். பெட்டிக்காரரே, ஒரு கேள்வி. ஒற்றை ஆட்டத்தை முடித்ததும் ஜிக்லிபஃப் என்ற மறைந்திருக்கும் வீரர் சவால் விட்டு வந்ததா? எத்தனை தடவை வந்தது?

பழைய_பெட்டி:
அது கிட்டத்தட்ட தினமும் வருகிறது அண்ணே. முதல் நாள் அதனிடம் தோற்றுவிட்டேன், அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் யோசித்தால், மூன்றாவது நாள் ஜெயித்தது நன்றாக நினைவிருக்கிறது. நாலாவது நாளும் வந்தது.

ஈயப்பற்று:
அதுதான் விஷயம். ஒருமுறை ஜெயித்தால் ஜிக்லிபஃப் உங்கள் ஆள், மறுபடி சவாலுக்கு வராது. நீங்கள் பெட்டியை அணைக்கும்போதெல்லாம் எல்லாம் அழிந்துபோகிறது, அதாவது ஒவ்வொரு சாயங்காலமும் சைபரிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். 1999இல் வந்த ஆட்டம், உள்ளே சேமிப்பு சிப்புக்கு உயிர் கொடுப்பது ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி. இத்தனை வருஷத்தில் அது செத்திருக்கும். சந்தேகமென்றால் இன்று ஜிக்லிபஃபை ஜெயித்துவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள்.

பழைய_பெட்டி:
பார்த்தேன். காணோம். இரண்டு வாரம் போச்சு, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

குழாய்க்குள்_பூ:
ஐயோ பாவம். அந்த ஸ்டேஜ் 2018இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் முதல் நாளிலேயே திறந்து கிடக்கிறது, சும்மா சொல்லி வைக்கிறேன் :)

ஈயப்பற்று:
வெந்த புண்ணில் வேல் பாய்ச்சாதீர்கள். பெட்டிக்காரரே, இரண்டு வழி இருக்கிறது. உடனே பார்க்க ஆசையென்றால் ஒரு லீவு நாளில் பெட்டியை அணைக்காமலே எட்டு பேரையும் எட்டு ஸ்டேஜையும் ஒரே மூச்சில் முடியுங்கள், கடினத்தை மிக எளிது என்று வையுங்கள். பெட்டி ஓடும்வரை பேட்டரிக்கு வேலை இல்லை, அதனால் ஸ்டேஜ் திறக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். கார்ட்ரிட்ஜின் பின்பக்கத் திருகு இரண்டும் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அசையாது, இதற்கான தனி முனையை 3.8 மி.மீ. கேம்பிட் என்று கேட்டு வாங்குங்கள் (4.5 பெட்டிக்கு, கார்ட்ரிட்ஜுக்கு அல்ல, நான் ஒருமுறை மாற்றி வாங்கி அலைந்தேன்). கடையில் கிடைக்கும் வெறும் பட்டன் பேட்டரி வேண்டாம், இரண்டு பக்கமும் உலோக நாக்கு ஒட்டி வருவதை வாங்குங்கள், வெறும் பேட்டரி மேல் நேராக ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. கழற்றும் முன்பு + பக்கம் எது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மல்டிமீட்டரில் பழையதை அளந்து பாருங்கள், நல்ல பேட்டரி 3 வோல்ட் காட்டும்.

பழைய_பெட்டி:
ஞாயிற்றுக்கிழமை விவரம்: அணைக்காமல் முழு மதியம் விளையாடினேன், வந்துவிட்டது! நடுவில் தராசுத் தட்டு மாதிரி இரண்டு மேடை, ஒன்றில் ஏறினால் மற்றது மேலே போகிறது, ரொம்ப நேரம் நின்றால் கழன்று விழுகிறது. குழாய்க்குள் இறங்கினால் வேறு குழாயில் வெளியே வருகிறோம், சில சமயம் உள்ளே பூ கடிக்கிறது. POW என்று எழுதிய பவ் கட்டியை அடித்தால் தரையில் நிற்கிற எதிரிகள் எல்லோரும் பறக்கிறார்கள். 1985 ஆட்டத்துக்கு கோஜி கோண்டோ இசையமைத்த அதே பாட்டு. அரை மணி நேரம் சும்மா அங்கேயே குதித்துக்கொண்டிருந்தேன்.

ஜாய்ஸ்டிக்_தேய்மானம்:
பவ் கட்டி 1985 ஆட்டத்தில் கிடையாது, 1983 மாரியோ பிரதர்ஸ் ஆர்கேடிலிருந்து வந்தது. மெமரி பேக் விஷயத்தில் தவறினேன், இதிலாவது சரியாகச் சொல்கிறேன்.

பழைய_பெட்டி:
பழைய பேட்டரி 0.4 வோல்ட்தான் காட்டியது. நாக்கு வைத்த புதியது போட்டாயிற்று, பற்று கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது ஆனால் பிடித்திருக்கிறது. நேற்று ஜிக்லிபஃபை ஜெயித்து அணைத்தேன், இன்று காலை ஆட்கள் வரிசையில் நிற்கிறது. மீதி ஏழு பேரை இந்த வாரம் மெதுவாக முடிக்கிறேன்.