சரிபார்ப்பு சில நிமிடத்தில் முடிகிறதே, பிறகு எதற்கு 10 நாள்?

கேள்வி:
அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் 4473 என்ற வாங்குபவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், அவரது பின்னணியைப் பார்க்கும் எஃப்.பி.ஐ.யின் நிக்ஸ் (NICS) சரிபார்ப்பு பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதில் தேறியவரையும் கலிஃபோர்னியா 10 நாள் நிறுத்திவைப்பது ஏன்? பிராடி சட்டம் என்ற கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்தின் 5 நாள் காத்திருப்பு என்ன ஆனது? '3 நாள்' என்கிறார்களே, அதுவும் காத்திருப்புதானா?

மறுமொழி 1:
பிராடியின் 5 நாள் கைத்துப்பாக்கிக்கு மட்டும். வாங்குபவரைப் பற்றி உள்ளூர்க் காவல்துறை விசாரிக்கத் தந்த அவகாசம் அது. 1994 பிப்ரவரியில் தொடங்கி, 1998 நவம்பரில் நிக்ஸ் வந்ததும் முடிந்தது.

3 வேலை நாள் காத்திருப்பே அல்ல, அதற்கு நேர் எதிர். அதற்குள் நிக்ஸிடமிருந்து முடிவு வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி போனது இந்த ஓட்டை வழியாகத்தான். இதை இன்னும் அடைக்காமல் வைத்திருப்பது பெரிய தவறு.

மறுமொழி 2:
காத்திருப்பின் நோக்கமே வேறு: ஆத்திரமும் தற்கொலை எண்ணமும் தணிய நேரம் தருவது. அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. 2017இல் வந்த ஆய்வொன்று, காத்திருப்புச் சட்டம் உள்ள இடங்களில் துப்பாக்கிக் கொலைகள் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. தற்கொலையில் குறைவு அதைவிடச் சிறிது.

மறுமொழி 3:
எல்லாருக்கும் ஒரே விதி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வீட்டில் ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவரை இரண்டாவதற்குக் காக்கவைத்து எந்த ஆத்திரத்தைத் தணிக்கப்போகிறார்கள்? இதே வாதத்தைக் கலிஃபோர்னியாவில் 2014இல் கீழ்நீதிமன்றம் ஏற்றது. 2016இல் 9ஆம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது. கொலை மிரட்டலுக்கு ஆளான பெண்ணுக்கோ அந்த 10 நாள்தான் ஆபத்தான நாள். 2025 ஆகஸ்டில் நியூ மெக்சிகோவின் 7 நாள் விதி அரசியல் சட்டத்துக்கு முரணாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று 10ஆம் வட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மறுமொழி 2:
மிரட்டலுக்கு ஆளானவருக்கு விலக்கு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சட்டத்தையே எடுத்துவிடக் கூடாது.

மறுமொழி 1:
நாள் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். கலிஃபோர்னியாவின் 10 நாள் என்றால் பத்து 24 மணி நேரம்: செவ்வாய் மாலை 4:10க்கு விண்ணப்பம் பதிவானால், அடுத்த வாரம் வெள்ளி மாலை 4:10க்கு முன் கையில் தரமாட்டார்கள். ஃப்ளோரிடா மாநிலத்தின் 3 நாள் காத்திருப்பில் சனி, ஞாயிறு, விடுமுறை சேராது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் உள்ளவருக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. வாஷிங்டன் மாநிலத்தில் 2024 முதல் 10 வேலை நாள், அதாவது குறைந்தது இரண்டு வாரம்.