ஜெரால்ட் ஸ்கார்ஃப்: கோடு அசையத் தொடங்கியதும் கூர்மை போய்விட்டதா?

கோட்டுக்காரன்:
லண்டனில் 1936-இல் பிறந்து, ஆஸ்துமாவால் படுக்கையில் கிடந்த சிறுவயதிலேயே வரையப் பழகிய பிரிட்டிஷ் கருத்துப்பட ஓவியர் ஜெரால்ட் ஸ்கார்ஃபைப் பலரும் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ (சுவர்) படத்தின் அனிமேஷனுக்காக மட்டுமே அறிந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அவருடைய உண்மையான சாதனை பத்திரிகைப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1964-இல் சர்ச்சில் நாடாளுமன்றத்துக்குக் கடைசியாக வந்தபோது அவரை வரைந்து தரும்படி கேட்ட ‘தி டைம்ஸ்’, மூப்பில் தளர்ந்து ஒடுங்கிய ஒரு கிழவரின் படம் கைக்கு வந்ததும் அதை அச்சிட மறுத்தது. பிறகு ‘ப்ரைவேட் ஐ’ என்ற நையாண்டி இதழ்தான் அதை அட்டையில் வெளியிட்டது. ஒரு பெரிய நாளிதழையே பின்வாங்க வைத்த அந்த வலிமை அனிமேஷனில் அவருக்குக் கைகூடவே இல்லை.

மைக்கூடு:
கைகூடவே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 1970-களின் தொடக்கத்தில் பிபிசிக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று அவர் உருவாக்கிய ‘எ லாங் ட்ரான்-அவுட் ட்ரிப்’ படத்தில், அமெரிக்காவின் அடையாளங்கள் ஒன்று மற்றொன்றாக உருகி மாறிக்கொண்டே போகின்றன. மிக்கி மவுஸ்கூடப் போதையில் சிதைந்து போகிறது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகே பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் அவரைத் தேடி வந்தார்கள். ‘தி வால்’ படத்தின் பூக்களை நினைத்துப் பாருங்கள்: இரண்டு பூக்கள் நெருங்குகின்றன, கொஞ்சுகின்றன, கூடுகின்றன, இறுதியில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுகிறது. ஆசை எந்தக் கணத்தில் வன்முறையாகிறது என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மயக்கத்தை எந்த நிலைப்படம் காட்டிவிடும்?

கோட்டுக்காரன்:
பூக்கள் சிறப்பானவைதான். ஆனால் அவற்றில் அசைவது யாருடைய கை? ஸ்கார்ஃபின் பலமே பேனாவை வேகமாக இழுத்து, மை தெறிக்க, திருத்தாமல் விடும் கோடு. திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும்போது அந்தத் தெறிப்பை ஒரு குழுவே நகலெடுக்க வேண்டியிருக்கிறது. தற்செயலாக விழுந்த துளியைத் திட்டமிட்டு வரைந்தால் அது வெறும் அலங்காரம். இதன் முடிவை 1997-இல் வெளிவந்த டிஸ்னியின் ‘ஹெர்குலிஸ்’ படத்தில் காணலாம். முன்பு மிக்கி மவுஸைச் சிதைத்தவரே அங்கே உருவ வடிவமைப்பாளராகப் போய் அமர்ந்தார். அவருடைய கோணல்கள் அனைத்தும் குழந்தைகளுக்கேற்ப மழுங்கடிக்கப்பட்டன.

மைக்கூடு:
டிஸ்னியில் அவர் விட்டுக்கொடுத்தது உண்மை, பாதாளக் கடவுள் ஹேடீஸ் பாத்திரத்தில் பழைய நஞ்சு சற்று எஞ்சியிருந்தாலும். ஆனால் ஒருவருடைய அனிமேஷன் பணி முழுவதையும் அந்த ஒரு படத்தைக் கொண்டு அளப்பது நியாயமில்லை. நகலெடுப்பு பற்றிய வாதமும் எனக்கு உடன்பாடில்லை. ‘தி வால்’ படத்தின் சுத்தியல்கள் அணிவகுத்து நடக்கும் காட்சியில் எல்லாச் சுத்தியல்களும் ஒன்றுபோல் இருப்பதால்தான் அச்சம் பிறக்கிறது. அங்கே தெறித்த மைத்துளிக்கு வேலையே இல்லை.

பழைய வாசகர்:
இருவரும் பத்திரிகை ஓவியருக்கு முழுச் சுதந்திரம் இருந்ததாகவே வைத்துப் பேசுகிறீர்கள். 2013 ஜனவரி 27 அன்று, இரத்தம் கலந்த சாந்தால் இஸ்ரேலின் அன்றைய பிரதமர் நெதன்யாகு சுவர் எழுப்புவதாக ஸ்கார்ஃப் வரைந்த கருத்துப்படம் ‘சண்டே டைம்ஸில்’ வந்தது. அது யூதப் படுகொலை நினைவு நாள். கண்டனம் கிளம்பியதும் பத்திரிகையின் உரிமையாளர் மர்டாக்கே மன்னிப்புக் கேட்டார். நாளைக் கவனிக்காததற்கு ஸ்கார்ஃபும் வருந்தினார். தனிப் படம் எந்த நாளில், எந்தச் செய்தியின் பக்கத்தில் வரும் என்பது வரைந்தவரின் கையில் இல்லை. திரையில் ஒரு சுவருக்கு முன்னும் பின்னும் என்ன வரவேண்டும் என்பதை அவரால் ஓரளவாவது தீர்மானிக்க முடிந்தது.

கோட்டுக்காரன்:
அந்த ஆபத்துதான் கருத்துப்படத்தின் இயல்பு, ஐயா. 1967 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதே ‘சண்டே டைம்ஸுக்கு’ அவர் வரைந்தார். அந்த வாரத்து ஆட்சியாளர் அந்த வாரமே அடிபட்டார். ‘தி வால்’ படத்தில் வரும் பள்ளி ஆசிரியரையும் நீதிபதியையும் பார்த்துத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எந்தப் பிரதமரும் பதறியிருக்க மாட்டார்.

மைக்கூடு:
பிபிசியின் அரசியல் நகைச்சுவைத் தொடரான ‘யெஸ் மினிஸ்டர்’ தொடக்கத்தில் அமைச்சரையும் அதிகாரியையும் ஸ்கார்ஃபின் கோடு நீண்ட மூக்கோடு வரைந்து காட்டியதே, அந்தத் தொடரை அப்போதைய பிரதமர் தாட்சர் விரும்பிப் பார்த்தார். நீங்கள் சொல்வதற்கு இது சாதகமா பாதகமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.