நம்ம ஊர் அணில் 28 பிக்சலில் அடங்குமா?

தூரிகை_தேனீ
வணக்கம் நண்பர்களே. தமிழில் கேம் ஸ்ட்ரீம் செய்யும் ஒரு சேனலுக்கு மாஸ்காட் (அடையாளச் சின்ன உருவம்) வரைந்துகொண்டிருக்கிறேன். அணில்தான் வேண்டும் என்கிறார்கள். முருங்கை மரத்தில் ஓடும் நம்ம மூன்று கோட்டு அணில். முதல் தவணையில் ஆறு எமோட் (சாட்டில் போடும் குட்டிப் படம்): வணக்கம், சிரிப்பு, அழுகை, கோபம், நன்றி, பதுங்கல் (பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் போடும் லர்க்). கேன்வாஸ் 1120×1120. இப்போதைய வரைவில் அணில் முழு உடலோடு உட்கார்ந்திருக்கிறது, கையில் கொய்யா, முதுகுக்குப் பின்னால் வால். பெரிதாகப் பார்க்க அழகாக இருக்கிறது. நேரலைத் தளமான ட்விட்சின் சாட் அளவான 28 பிக்சலுக்குச் சுருக்கினால் பழுப்பு உருண்டை. எதை வைப்பது, எதை வெட்டுவது?

கட்டம்28
கொய்யாவையும் உடலையும் வெட்டுங்கள். உங்கள் கேன்வாஸில் 40 பிக்சல் என்பது சாட்டில் 1 பிக்சல். இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உட்கார்ந்த உருவத்தில் தலைக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, அதாவது 9 பிக்சல். அதற்குள் இரண்டு கண், மூக்கு, வாய் எல்லாம் வரவேண்டும். கண்ணுக்கு 2 பிக்சல் போனால் சிரிக்கிற கண்ணும் அழுகிற கண்ணும் ஒரே கறுப்புப் புள்ளிதான்.

தலை மட்டும் என்றால் கணக்கே வேறு. கண் உயரம் 5 பிக்சல் (கேன்வாஸில் 200), புருவத் தடிமன் 2 (80), வாய் அகலம் 8 (320). இதற்குக் கீழே போனால் உணர்ச்சி தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அணில் தலை தனியாக நின்றால் எலிதான். சின்ன வட்டக் காது, கூர் மூக்கு, வேறு அடையாளம் இல்லை. தலையை முழுக்கக் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். பூனை, ஆந்தை, யானை எல்லாம் அப்போதும் தெரியும், அணில் தெரியாது. சேனலிடம் பேசி விலங்கை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து.

வாலாட்டி
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அணிலின் முகவரியே வால்தான். அதை வெட்டிவிட்டு எலி மாதிரி இருக்கிறது என்றால் எப்படி? தலையும் வாலும் போதும், உடல் வேண்டாம். தலை 20 பிக்சல் அகலத்தில் இடப்பக்கம் கீழே, வால் 7 பிக்சல் அகலத்தில் வலப்பக்கம் எழும்பி உச்சியில் சுருளட்டும்.

பூனை முகத்துக்கு இல்லாத வசதி இதில் உண்டு, வாலே பேசும். கோபத்தில் விறைத்துப் புசுபுசுவென்று நிற்கும். அழுகையில் நுனி தொங்கும். வணக்கத்துக்குக் கை வரைய வேண்டியதே இல்லை, நுனி வெளிப்பக்கம் வளைந்தால் போதும். முகம் தெரியாத தூரத்திலும் எந்த எமோட் என்று வால் சொல்லிவிடும்.

28, 28 என்று பயமுறுத்தவும் வேண்டாம். அடர்த்தியான திரையுள்ள கைப்பேசியில் 56 அல்லது 112 அளவுக் கோப்புதான் இறங்குகிறது. டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் எமோஜியை மட்டும் தனியாக அனுப்பினால் 48-ல் பெரிதாக வரும். ட்விட்சில் பிட்ஸ் (காசு கொடுத்து வாங்கும் புள்ளி) செலவழித்து எமோட்டைப் பெரிதாக்கும் வசதியே இருக்கிறது. அங்கெல்லாம் நுணுக்கம் தெரியத்தான் செய்யும்.

கட்டம்28
56 கோப்பு இறங்கினாலும் அது உட்காரும் இடம் அதே 28-தான். ஓரம் கூர்மையாகும், உருவம் பெரிதாகாது. கைப்பேசியில் கிட்டத்தட்ட ஓர் உளுந்து அளவு, அதுவும் வேகமாக ஓடும் சாட்டில். பெரிதாக்கிப் பார்ப்பது எப்போதாவது நடக்கிற காரியம். அதற்காக அன்றாட அளவைக் கெடுக்கக் கூடாது. யூடியூப் மெம்பர்களுக்கும் இதே படம் என்றால் இன்னும் சுருங்கும், நேரலைச் சாட்டில் 24.

வால் யோசனை நல்லது, ஏற்கிறேன். ஆனால் உங்கள் கூட்டல் சரியில்லை. தலை 20, வால் 7, மொத்தம் 27. இரு ஓரத்து அவுட்லைனுக்கு 2. தலையும் வாலும் ஒரே நிறம், நடுவில் ஒரு கோடு இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு கொழுத்த கன்னம் மாதிரி தெரியும். அதற்கு 1. முப்பது ஆயிற்று. தலை 19, வால் 6, ஓரம் 2, நடுக்கோடு 1 என்றால்தான் 28 கச்சிதமாக வரும்.

சாட்காவலர்
அளவைப் பற்றியே பேசுகிறீர்கள், நிறத்தை யாரும் தொடவில்லையே. ட்விட்ச் டார்க் மோடின் பின்னணி நிறம் (சிவப்பு, பச்சை, நீலம்) 24, 24, 27. உண்மையான அணில் நிறம் என்று 107, 90, 74 மாதிரி ஒரு சாம்பல் பழுப்பை எடுத்தால் அந்தப் பின்னணியில் வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 2.7-க்கு 1தான். வெள்ளைப் பின்னணியில் 6.6 வரும். ஆனால் பெரும்பாலோர் பார்ப்பது டார்க் மோடில்.

அதனால் உருவத்தைச் சுற்றி ஸ்டிக்கர் மாதிரி ஒரு வெள்ளை ஓரம் கொடுங்கள். எந்தப் பின்னணியிலும் பிழைக்கும்.

கட்டம்28
வெள்ளை ஓரத்துக்கு நான் எதிரி. பக்கத்துக்கு 1 பிக்சல் என்றாலும் மிஞ்சுவது 26×26. பரப்பில் 14 சதவீதம் போய்விடும். லைட் மோடிலோ அந்த ஓரம் தெரியவே தெரியாது, எமோட் காரணமில்லாமல் சிறுத்துப்போனதாக மட்டும் தெரியும். உடல் நிறத்தையே மாற்றுங்கள். 217, 160, 102 போன்ற மணல் நிறத்துக்கு டார்க் மோடில் வேறுபாடு 7.7 வருகிறது. வெள்ளையில் 2.3தான், அதை அடர் பழுப்பு அவுட்லைன் தாங்கிக்கொள்ளும். அவுட்லைனைச் சுத்தக் கறுப்பாக வைக்காதீர்கள், டார்க் மோடில் பின்னணியோடு கரைந்து உருவம் 1 பிக்சல் மெலிந்துவிடும்.

தூரிகை_தேனீ
மணல் நிறத்தில் போட்டுப் பார்த்தேன், உடனே வித்தியாசம் தெரிகிறது. இப்போது பெரிய கேள்வி: உடலே இல்லையென்றால் மூன்று கோடு எங்கே போகும்? ராமர் தடவிய கோடு இல்லாமல் நம்ம அணில் என்று எப்படிச் சொல்வது? நெற்றியில் மேலிருந்து கீழாக மூன்று வெளிர் கோடு போடலாமா?

வாலாட்டி
போடலாம். கோடு ஒவ்வொன்றும் 60, இடைவெளி ஒவ்வொன்றும் 60 வைத்தால் மொத்தம் 300 பிக்சல் அகலம், நெற்றியில் தாராளமாக அடங்கும். 40 வைக்காதீர்கள். 28-ல் அது சரியாக 1 பிக்சல், 24-க்குப் போனால் 0.86 ஆகிப் பக்கத்துப் பிக்சலோடு கலந்து வெளுத்த பட்டையாகிவிடும்.

சாட்காவலர்
நெற்றிக்கோடு வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம்ம அணிலுக்குக் கோடு முதுகில்தான், முகத்தில் கிடையாது. முகத்தில் கோடுள்ளது சிப்மங்க், பெரும்பாலும் வட அமெரிக்காக்காரன். கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நெற்றிக்கோட்டைக் கண்டதும் அதுதான் நினைவுக்கு வரும். நம்ம ஊர் என்று சொல்ல வந்த அடையாளமே அயலூர்க்காரனைக் காட்டிவிடும்.

வாலாட்டி
சிப்மங்க் கோடு கண்ணை ஒட்டிக் கன்னப் பக்கமாகக் கிடையாக ஓடும். இது நெற்றியில் நெடுக்காக நிற்பது. குழப்பம் வராது. மாஸ்காட் உயிரியல் படமும் இல்லை, யானைக்குத் தொப்பி போடுகிறோமே.

கட்டம்28
இனத்தை விடுங்கள், புருவத்தைப் பாருங்கள். கோபத்தில் புருவத்தின் உள்முனை கீழே இறங்கும், அழுகையில் மேலே ஏறும். அந்த உள்முனை அசையும் இடத்தில்தான் உங்கள் மூன்று கோடும் நிற்கிறது. கோபப் புருவத்தின் நடுவே வெள்ளைக்கோடு வெட்டினால் அது உடைந்த கோடாகத் தெரியும். கோட்டை மேலே தள்ளினால் 2 பிக்சல் உயரம்தான் கிடைக்கும், அது கோடாக இருக்காது, மூன்று புள்ளிதான்.

கோடு வேண்டிய எமோட் ஒன்றுதான்: பதுங்கல். அணில் திரும்பி உட்கார்ந்து முதுகு காட்டட்டும். முகமே வேண்டாம். கேன்வாஸ் முழுக்க முதுகு, மூன்று கோடும் ஒவ்வொன்று 100 பிக்சல், ஓரத்தில் வால் நுனி. ஆறில் அதுதான் சிறந்ததாக இருக்கும்.

வாலாட்டி
புருவத்துக்குப் பதில் இல்லை, ஏற்கிறேன். பதுங்கலுக்கு முதுகு அருமை. ட்விட்ச் சப் பேட்ஜுக்கு (சந்தாதாரர் பெயருக்கு முன் வரும் சின்னம், 18 பிக்சல்) வால் சுருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அது என் பங்கு.

சாட்காவலர்
‘நன்றி’ எமோட்டில் எழுத்து போடப் போகிறீர்களா? மூன்று எழுத்துக்கு 26 பிக்சல் அகலம் என்றால் ஆளுக்கு எட்டரை. அதற்குள் ‘ன’வின் சுழியும், மேலே புள்ளியும், ‘றி’யின் கொக்கியும் வரவேண்டும். சுழி அடைந்து ‘ன’, ‘ண’ எதுவென்றே தெரியாது. எழுத்து கட்டாயம் வேண்டும் என்றால் ட, ப மாதிரி நேர்க்கோட்டு எழுத்துள்ள சொல்லைத் தேடுங்கள். இல்லையென்றால் கூப்பிய கையே போதும். விரல் பிரிக்காமல் ஒரே முக்கோணமாக, முகத்துக்குக் கீழே 8 பிக்சல்.

தூரிகை_தேனீ
கூப்பிய கையே வைக்கிறேன். லேயர்களைத் தலை, கண், புருவம், வாய், வால், கை என்று பிரித்துவிட்டேன். தலை லேயரை ஐந்து எமோட்டிலும் தொடப்போவதில்லை. ஏற்றும்போது ஒரே பெரிய படத்தைக் கொடுத்துத் தானாகச் சுருக்க விடலாமா, 28, 56, 112 மூன்று அளவையும் தனியாகக் கொடுக்கலாமா?

கட்டம்28
தனியாக. 112-ம் 56-ம் சுருக்கினாலே போதும். 28-ஐ மட்டும் பிக்சல் பிக்சலாகத் திருத்துங்கள்: கண்ணில் இருக்கும் ஒளிப்புள்ளி சாம்பலாகியிருக்கும், அதை ஒரே ஒரு வெள்ளைப் பிக்சலாக்குங்கள், வாய்க்கோட்டின் மங்கிய முனைகளை அழியுங்கள். எமோட்டுக்குப் பத்து நிமிட வேலை. பிறகு சாட் ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டு வரிக்கு நடுவே வைத்து 100 சதவீதத்தில் பாருங்கள், ஜூம் செய்யாமல்.

வாலாட்டி
பின்னால் வாலை ஆட்டும் ஜிஃப் செய்வீர்கள் அல்லவா, அதற்கு ஒன்று. ஜிஃப்பில் பாதி ஒளிபுகும் பிக்சல் கிடையாது. ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. பி.என்.ஜி.யில் வழவழப்பாக இருந்த வால் ஓரம் அதில் பல் பல்லாகும், வெள்ளைப் பின்னணியில் ஏற்றுமதி செய்தால் வெள்ளைத் துகளும் ஒட்டிக்கொள்ளும். மேட் நிறத்தை (ஓரப் பிக்சல்கள் கலக்கும் பின்னணி நிறம்) அவுட்லைனின் அடர் பழுப்பாகவே வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். அசைவை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரே படம்தான் தெரியும், அதனால் வால் முழுக்க உயர்ந்திருக்கும் சட்டத்தை (ஃபிரேமை) முதலில் வையுங்கள்.