கலைச்சொல் உதவி: 'தேர்ட் பார்ட்டி குக்கீ'யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம்.

இணைய விளம்பரம் பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'தேர்ட் பார்ட்டி குக்கீ' என்ற ஒரு சொல்லில் ஓர் இயல் முழுவதும் நின்றுபோயிருக்கிறது. குக்கீ என்பது ஒரு தளம் நம் உலாவியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பு. நாம் திறந்த தளம் அல்லாமல் வேறொருவர் இட்டால் அது தேர்ட் பார்ட்டி குக்கீ. தரவை யார் திரட்டியது என்பதைப் பொறுத்து ஃபர்ஸ்ட் பார்ட்டி டேட்டா, செகண்ட் பார்ட்டி டேட்டா என்று அதன் சுற்றமும் கூடவே வருகிறது.

இந்த இயலின் பழைய தலைப்பு 'குக்கீயின் முடிவு'. குரோம் உலாவியிலிருந்து இவ்வகைக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளுக்குள் அகற்றப்போவதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. கெடு மூன்று முறை தள்ளிப்போனது. 2024 ஜூலையில் அகற்றும் திட்டத்தைக் கைவிட்டு, பயனரே தேர்ந்துகொள்ளட்டும் என்றார்கள். 2025 ஏப்ரலில், அந்தத் தேர்வைக் கேட்கும் தனிப் பெட்டியும் உலாவியில் வராது என்றுவிட்டார்கள். நூலாசிரியர் இயலை மாற்றி எழுதிவிட்டார். சாகப்போகும் சொல்லாக இருந்தால் ஒலிபெயர்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். இனி இது மாணவர் நாவில் நெடுநாள் புழங்கும்.

என் வரைவில் குக்கீயை 'நினைவி' ஆக்கி, 'மூன்றாம் தரப்பு நினைவி' என்று இட்டிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'தரப்பு' நம் சொல் அன்று. அரபியின் 'தரஃப்' வழக்கு மன்றங்களின் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. வெளியில் தேட வேண்டிய தேவையே இல்லை. பேசுவோன், கேட்போன், பேசப்படுவோன் என்ற மூன்று இடங்களுக்கும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நம் இலக்கணம் பெயரிட்டிருக்கிறது. 'படர்க்கை நினைவி' என்று எழுதுங்கள். படர்தல் என்றால் செல்லுதல், பரவுதல். ஒரு தளத்தில் இட்டது பல தளங்களுக்கும் படர்கிறதே, பொருளும் கூடி வருகிறது.

விளம்பரத் தொழில்நுட்பப் பொறியாளர்:

ஐயாவின் முன்மொழிவில் அவர் சொல்லாத ஒரு நயமும் இருக்கிறது. ஒரு குக்கீ பிறவியிலேயே மூன்றாம் தரப்பாக இருப்பதில்லை. முகவரிப் பட்டையில் தெரியும் தளமே அதை இட்டால் அது முதல் தரப்பு. அந்தப் பக்கத்தில் பதிக்கப்பட்ட விளம்பரமோ பொத்தானோ வேறொரு களப்பெயரிலிருந்து (டொமைன்) வந்து இட்டால் மூன்றாம் தரப்பு. ஒரு சமூக ஊடகத்துக்குள் நேரே நுழையும்போது முதல் தரப்பாக இருக்கும் குக்கீ, அதன் 'விருப்பம்' பொத்தானைத் தாங்கிய செய்தித்தளத்தைத் திறந்தால் மூன்றாம் தரப்பாகிவிடும். 'நான்', 'அவன்' என்பவையும் பேசுபவர் மாறினால் ஆள் மாறும் சொற்கள்தாம். அந்த வகையில் படர்க்கை மிகப் பொருத்தம்.

ஆனால் 'நினைவி' எனக்கு உடன்பாடில்லை. குக்கீ எதையும் நினைவில் வைப்பதில்லை. பெரும்பாலும் அதில் இருப்பது ஓர் அடையாள எண் மட்டுமே. நினைவில் வைப்பது அந்தப் பக்கம் இருக்கும் வழங்கி (சர்வர்).

அகராதிப் பணியில் இருப்பவர்:

நினைவிக்காகக் கொஞ்சம் பேசுகிறேன். 1994இல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் லூ மொண்டுலி குக்கீயை உருவாக்கியது, முன்பு வந்தவர் யார் என்பதை அறியாத வலைக்கு அந்த நினைவைத் தருவதற்காகத்தான். நினைவூட்டுவதும் நினைவி ஆகலாம். உலாவி வினையடியில் பிறந்தது, செயலி பெயரடியில் பிறந்தது, நினைவியும் செயலியின் வழியில் வந்ததே. சொல்லாக்கத்தில் குறையில்லை.

என் மனத்தில் இருப்பது வேறொரு சொல்: ஒற்று. 'வேற்றார் ஒற்று' என்று பாருங்கள். வேவு பார்ப்பதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். 'ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்' என்பதைப் படியுங்கள். எந்த விளம்பரம் விற்பனையைத் தந்தது என்று ஒரு நிறுவனத்தின் கணக்கை இன்னொரு நிறுவனத்தின் கணக்கோடு ஒத்துப்பார்க்கிறார்களே, அதுதான் இது. ஒற்றுதல் என்றால் தொடுதல், அழுத்துதல். ஒற்றடம் அதில் பிறந்தது. படிந்த சுவட்டைக் கொண்டு ஆளை அறிவதால்தான் ஒற்றனுக்கு அப்பெயர் வந்திருக்கும் என்பது என் துணிபு. மெய்யெழுத்துக்கும் ஒற்று என்றே பெயர். தனித்து இயங்காமல் உயிரைச் சார்ந்து நிற்பது மெய், தளத்தைச் சார்ந்து நிற்பது இந்தக் குக்கீ.

விளம்பரத் தொழில்நுட்பப் பொறியாளர்:

அழகுதான். ஆனால் எல்லா மூன்றாம் தரப்புக் குக்கீயும் வேவு பார்ப்பதில்லை. ஒரு தளத்தின் கணக்கைக் கொண்டு இன்னொன்றில் நுழைவது, பக்கத்தில் பதித்த காணொளி, கட்டணப் பெட்டி ஆகியவையும் இவற்றை நம்பியிருந்தன. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச்சில் இவற்றை முழுதாகத் தடுத்தபோது இப்படிப்பட்ட பயன்பாடுகளுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. பாடநூலின் கலைச்சொல் தீர்ப்பு எழுதக் கூடாது. குற்றச்சாட்டைப் பத்தியில் எழுதலாம், பெயரிலேயே ஏற்ற வேண்டாம்.

இப்பாடத்தை வகுப்பில் நடத்துபவர்:

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லப்போவது என் மாணவர்கள். 'நினைவி' என்றதும் அவர்களுக்கு நினைவு அட்டையும் நினைவகமும்தான் தோன்றும். 'படர்க்கை' என்றால் இலக்கணத் தேர்வு. 'மூன்றாம் தரப்பு' என்றால், காப்பீடு என்று உடனே சொல்வார்கள். விபத்தில் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர் மூன்றாம் தரப்பு என்பது தெரிந்திருப்பதால், குக்கீக்கு ஒரு வரி விளக்கமே போதும்.

இதில் ஓர் அறக்கேள்வியும் உண்டு. 2018 முதல் நடப்பில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, பயனருக்குத் தரும் விளக்கம் தெளிவான எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. 2021 ஏப்ரலில் ஐபோனில் வந்த அனுமதிப் பெட்டி, இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா என்று ஒரே வாக்கியத்தில் கேட்டது. அந்தக் கேள்வியால் 2022இல் தன் வருவாயில் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் குறையும் என்று மெட்டா நிறுவனமே சொன்னது. கேள்வி புரிந்ததால்தான் மக்களால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது. புரியாத தூய சொல்லில் கேட்டு வாங்கும் ஒப்புதலை ஒப்புதல் என்று என்னால் ஏற்க முடியாது. தமிழின் மீதுள்ள பற்றினால்தான் இதைச் சொல்கிறேன், ஐயா.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்பது தொல்காப்பியம். எந்தச் சொல்லும் கேட்டவுடன் தன் காரணத்தை விளக்கிவிடாது, பழகப் பழகத்தான் விளங்கும். 'குக்கீ' மட்டும் எந்தப் பொருளை விளக்கிவிட்டது?

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த எண்ணிக்கையில் பயனர் எங்கே? தளம் முதல் தரப்பு, விளம்பர நிறுவனம் மூன்றாம் தரப்பு. யாருடைய தகவலோ அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. நாமாவது பயனரிலிருந்து எண்ணுவோம். பயனர் தன்மை. அவர் நேரே பேசும் தளம் முன்னிலை. பக்கத்தில் மறைந்து நிற்பவர் படர்க்கை.

தொல்காப்பியத்தின் கிளவியாக்க இயலைப் பாருங்கள்: 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்' என்று தொடங்கி, தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்கிறது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தேன், அவனுக்குக் கொடுத்தேன். 'தரவு' அங்கேயே இருக்கிறது! பயனர் தளத்துக்குத் தருவது தரவு. தளம் விளம்பரதாரருக்குக் கைமாற்றுவது இலக்கணப்படி தரவாகாது, அது கொடை. தேர்ட் பார்ட்டி டேட்டாவைப் 'படர்க்கைக் கொடை' என்றே வழங்க வேண்டும்.

அகராதிப் பணியில் இருப்பவர்:

கொடை என்றால் இன்று நன்கொடைதான் நினைவுக்கு வரும், ஐயா. பயனரைக் கேளாமல் கைமாறுவதைக் கொடை என்பது பொருந்தாது. தருதலுக்கும் கொடுத்தலுக்கும் உள்ள அந்த வேறுபாடே பின்னாளில் வழக்கில் தளர்ந்துவிட்டது...

(இதை வேறு இழையில் எழுதுகிறேன். நீளும்.)

விளம்பரத் தொழில்நுட்பப் பொறியாளர்:

ஒரு நடைமுறைச் சிக்கல். மாணவர்கள் நாளை ஆங்கில ஆவணங்களையும் படிப்பார்கள். அங்கே முதல் என்று இருப்பது நம்மிடம் முன்னிலையானால் குழம்புவார்கள். செகண்ட் பார்ட்டி டேட்டா என்பது இன்னொரு நிறுவனம் தானே திரட்டி நேரடியாக நமக்குத் தருவது. ஐயாவின் வரிசையில் அதற்கு இடமில்லை. போதாததற்கு ஜீரோ பார்ட்டி டேட்டா என்றும் ஒன்று இருக்கிறது. ஃபாரஸ்டர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் பரப்பிய சொல் அது. பயனர் தானே விரும்பி, கேட்ட கேள்விக்கு விடையாகச் சொல்லும் விருப்பங்களை அது குறிக்கும். எண்ணிட்டால் 'சுழியத் தரப்பு' என்று ஆகும். யாருக்கும் விளங்காது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, நீங்கள் என் கட்சிக்கே சான்று தந்திருக்கிறீர்கள். பயனர் தன்னைப் பற்றித் தானே சொல்வது தன்மைத் தரவு. அவர்கள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியதால், விடுபட்டுப்போன பயனரைச் சேர்க்கப் பூச்சியத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நம் மூவிடத்தில் அவருக்கு முதலிலேயே இடம் இருக்கிறது.

பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. பதிப்பகம் இன்று மாலைக்குள் கேட்கிறது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் 'மூன்றாம் தரப்பு' பக்கமே நிற்கிறார்கள். 'நினைவி'யை விட்டுக் 'குக்கீ' என்றே வைக்கிறேன். வகுப்பில் நடத்துபவரின் வாதம் என்னை அசைத்தது. ஜீரோ பார்ட்டி டேட்டாவுக்கு எண்ணே வேண்டாம், 'பயனர் விரும்பித் தந்த தரவு' என்று விரித்தே எழுதிவிட்டேன். பயனர் எண்ணிக்கையில் இல்லை என்ற ஐயாவின் கருத்தை இயலின் இறுதியில் மாணவருக்கான வினாவாகச் சேர்த்திருக்கிறேன்.

பிழைதிருத்துபவர் 'மூன்றாம் தரப்பு குக்கீ' என்று ஒற்றில்லாமல் விட்டிருக்கிறார். வன்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் 'தரப்புக் குக்கீ' என்று மிக வேண்டும் என மாற்றச் சொன்னேன். அயற்சொல்லுக்கு முன் மிக வேண்டியதில்லை என்கிறார்.

அகராதிப் பணியில் இருப்பவர்:

மிகும். வருமொழி எங்கிருந்து வந்தது என்று புணர்ச்சி பார்ப்பதில்லை. எழுதும்போது ஒற்றைக் கைவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குத் தடையாக நிற்க மாட்டேன். ஆயினும் நான் உடன்படவில்லை என்பது இவ்விழையில் பதிவாக வேண்டும். நூலின் கலைச்சொல் பட்டியலில் 'மூன்றாம் தரப்பு' என்பதன் எதிரே 'படர்க்கை' என்றும் ஒரு சொல் இடுங்கள். இரண்டாம் பதிப்பு வருமானால் அப்போது மீண்டும் பேசுவோம்.

இப்பாடத்தை வகுப்பில் நடத்துபவர்:

பட்டியலில் இரண்டும் இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சி, ஐயா. செகண்ட் பார்ட்டி டேட்டாவுக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'இரண்டாம் தரப்பு' என்றே போய்விட்டதா, அல்லது அந்தப் பக்கம் திறந்திருக்கிறதா? அடுத்த வாரம் அதைத்தான் நடத்த வேண்டும்.