ஆறரை வயது மகளின் கடைவாய்ப்பல்லுக்கு சீலன்ட் போடலாமா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஆறரை வயது. கீழ் முன்பல் ஆடுகிறது, அதற்குப் பின்னாலேயே புதுப்பல்லும் எட்டிப் பார்க்கிறது, ஆடுகிற பல்லைப் பிடுங்க வேண்டுமா என்று கேட்கத்தான் மதுரையில் எங்கள் தெருப் பக்கத்து பல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது தானா விழுந்திடும், விடுங்க. கடைவாய்ல புதுப்பல் வந்திருக்கு பாருங்க, மேல குழியெல்லாம் ரொம்ப ஆழமா இருக்கு, சீலன்ட் போட்டுடலாம்" என்றார். பல்லின் குழிகளை மூடுகிற பூச்சாம் அது. கீழே இரண்டு முழுசாக வந்துவிட்டன, மேலே இரண்டு பாதிதான் வெளியே தெரிகின்றன. நாலுக்கும் சேர்த்துப் போடச் சொல்கிறார்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அத்தை, "விழுந்து முளைக்கப் போற பல்லுக்கு எதுக்கும்மா காசைக் கொட்டுற" என்கிறார். கணவரோ வலியே இல்லாத பல்லில் யாரையும் கை வைக்க விடாதே, இதெல்லாம் இப்போது வந்த புது வியாபாரம் என்கிறார். எனக்கு வேறு பயம். ஆசிட் தடவிக் கழுவிவிட்டு, பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைப் பூசி லைட் காட்டுவார்களாமே? சின்னப் பிள்ளை வாயில் இதெல்லாம் தேவையா? ஆனால் போன வருடம் பால் பல் ஒன்று சொத்தையாகி அடைத்திருக்கிறோம், அதனால் சும்மா விடவும் மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குப் போட்டவர்கள் இருந்தால் வலித்ததா, எத்தனை நாள் நின்றது என்று சொல்லுங்கள்.

பல்நோக்கு டாக்டர்:

குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறவன் நான், அதனால் தொழில் சாய்வு கொஞ்சம் இருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் அத்தையிடம் சொல்ல வேண்டியது, அது பால் பல் இல்லை. ஆறு வயதை ஒட்டி முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் எந்தப் பல்லையும் தள்ளிவிட்டு வருவதில்லை, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் காலியாக இருக்கிற இடத்தில் சத்தமில்லாமல் வந்து உட்காரும். ஒரு பல் ஆடி, விழுந்து, அப்புறம் புதுசு வந்தால்தான் நிரந்தரப் பல் என்று எல்லோரும் நினைப்பதால் இது வந்ததே பல வீடுகளில் தெரியாது. நீங்களே பார்த்துவிடலாம்: முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள், பால் பற்கள் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அதுதான் இது, அறுபது எழுபது வயது வரைக்கும் மென்று சாப்பிட வேண்டிய பல். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வருகிற சொத்தையில் பத்தில் ஒன்பது பங்கு கடைவாய்ப் பக்கம்தான் வருகிறது, அதிலும் இந்தப் பல்தான் முதலில் மாட்டும்.

காரணம் ரொம்ப எளிது. மேல்பரப்பில் இருக்கிற வெடிப்புகளில் பல பிரஷ்ஷின் ஒரு நாரைவிடக் குறுகலானவை, எவ்வளவு தேய்த்தாலும் அடிவரை போகாது. பல் பாதி வெளியே வந்திருக்கிற மாதங்களில் நிலைமை இன்னும் மோசம், பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரஷ் அதன் மேல் படாமலே தாண்டிப் போய்விடும். பிஸ்கட்டும் மிட்டாயும் மட்டுமில்லை, சோறும் சிப்ஸும்கூட அந்தக் குழிகளில் போய் ஒட்டிக்கொள்ளும்.

போடுகிற விதம்: பல்லைச் சுத்தம் செய்து, பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்து, தண்ணீரில் நன்றாகக் கழுவி, காற்றடித்து உலர்த்துவோம். அப்போது சுண்ணாம்பு தடவியது போல வெளுத்துத் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் திரும்பவும் செய்ய வேண்டும். அதன் மேல் சீலன்ட்டை ஓடவிட்டு நீல லைட்டை 20 விநாடி போலக் காட்டினால் இறுகிவிடும். ஊசி கிடையாது, டிரில் கிடையாது, வலி கிடையாது. ஜெல் நாக்கில் பட்டால் புளிக்கும், பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பது அதற்குத்தான்.

"புது வியாபாரம்" என்கிற உங்கள் கணவருக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் மருத்துவர் இந்த அமில முறையை எழுதியது 1955இல். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் போடுவதைப் பார்த்து, அதையே பல் எனாமலில் முயன்று பார்த்தார். 1967இல் சீலன்ட் போட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வும் அவர் பங்கில் வந்துவிட்டது. நம் ஊர் கிளினிக்குகளில் இதைப் பற்றிப் பேசுவதுதான் புதுசு.

என் கருத்து, ஏற்கெனவே ஒரு பால் பல் சொத்தையான பிள்ளை என்பதால் போட்டுவிடுங்கள். கீழே இரண்டுக்கு இப்போதே, மேலே இரண்டுக்கு அவசரப்பட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

டாக்டர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் கேட்கிற எல்லோருக்கும் "போடுங்கள்" என்று சொல்லிவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2017இல் வந்தது, 38 ஆய்வுகள், கிட்டத்தட்ட 7,900 பிள்ளைகள். அதில் எனக்குப் பிடித்தது, லாபத்தை ஒரே எண்ணில் சொல்லாமல் விட்டதுதான். சீலன்ட் போடாத பற்களில் இரண்டு வருடத்தில் 100க்கு 16 சொத்தையாகிற இடத்தில், போட்டால் அது 5 ஆகக் குறைகிறது. 100க்கு 70 சொத்தையாகிற இடத்தில் 19 ஆகக் குறைகிறது. அதாவது சொத்தை அதிகம் வருகிற பிள்ளைக்குப் பெரிய லாபம், அதிகம் வராத பிள்ளைக்குச் சின்ன லாபம். குழி ஆழமில்லை, வீட்டில் இனிப்பு குறைவு, இரவில் பல் தேய்த்துவிட்டுத்தான் தூக்கம் என்று இருக்கிற பிள்ளைக்கு நான் காசு செலவழிக்க யோசிப்பேன். வைகைக்கரையின் மகளுக்கு ஏற்கெனவே சொத்தை வந்திருக்கிறது, அதனால் அவர் விஷயத்தில் டாக்டர் பக்கம்தான் நானும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீலன்ட் காப்பது மேல்பரப்பை மட்டும். இரண்டு பல்லுக்கு நடுவில் வருகிற சொத்தைக்கு அது ஒன்றும் செய்யாது. சீலன்ட் போட்டாச்சு என்று தினம் சாக்லேட் வாங்கிக் கொடுத்தால் பக்கவாட்டில் ஓட்டை விழும்.

அப்பாவி அப்பா:

பையனுக்குப் போட்டோம், எட்டு வயதில். வலி இல்லை, ஆனால் அடுத்த பரிசோதனைக்குப் போவதற்குள் ஒரு பக்கத்தில் பூச்சையே காணோம். கிளினிக் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்று உதவிக்கு ஆள் இல்லை, டாக்டர் ஒரு கையால் லைட்டும் இன்னொரு கையால் கன்னமுமாகப் பிடித்துக்கொண்டு போட்டார், பையன் நடுநடுவே எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் சொன்னார், அமிலம் வைத்துக் கழுவிய பிறகு எச்சில் ஒரு சொட்டு பட்டாலும் பிடிப்பு போய்விடும், திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று.

ஆகவே அக்கா, எந்தக் கம்பெனி சீலன்ட் என்று கேட்பதைவிட, பல்லை எப்படி உலர்வாக வைப்பீர்கள் என்று கேளுங்கள். காட்டன் ரோல் வைப்பார்களா, எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடிக்க ஒரு ஆள் இருப்பாரா, சீக்கிரம் உரிந்தால் திரும்பக் காசு வாங்காமல் போட்டுக்கொடுப்பார்களா. இந்த மூன்றையும் கேட்டால் அவர்கள் முகத்திலேயே பாதி பதில் தெரிந்துவிடும்.

செலவுதான் யோசனை என்றால் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எதிலாவது குழந்தைகள் பிரிவுக்குப் போய் விசாரியுங்கள். மாணவர்கள்தான் செய்வார்கள், பேராசிரியர் பார்த்த பிறகுதான் எழுந்திருக்க விடுவார்கள், ஒரு காலைப் பொழுது போய்விடும். ஆனால் அந்த நிதானம் இந்த வேலைக்கு நல்லதுதான்.

தேக்காவிலிருந்து:

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியிலேயே பல் கிளினிக் இருக்கிறது. வகுப்பிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பார்த்து, சொத்தை வரும்போலத் தெரிகிற பிள்ளைகளுக்கு அங்கேயே சீலன்ட் போட்டுவிடுவார்கள். என் இரண்டு பெண்களுக்கும் அப்படித்தான் நடந்தது, பெற்றோர் கையெழுத்துப் போட்டதோடு சரி. இங்கே குழாய்த் தண்ணீரில் 1950களிலிருந்தே புளோரைடு சேர்க்கிறார்கள், அப்படி இருந்தும் எதற்கு சீலன்ட் என்று ஒருமுறை பள்ளி கிளினிக்கில் கேட்டேன். புளோரைடு வழுவழுப்பான பக்கங்களைக் காப்பாற்றுகிற அளவுக்குக் குழிகளைக் காப்பாற்றுவதில்லை, அதனால் இரண்டும் வேண்டும் என்றார்கள். இதை ஒரு பெரிய சிகிச்சையாக யாரும் இங்கே நினைப்பதில்லை.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், ஆறாவது பல்தான்! அத்தையையும் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினேன், "ஆமா, உனக்கு எப்ப முளைச்சது இது" என்று பேத்தியிடமே கேட்டார், அந்தப் பக்கம் எதிர்ப்பு அடங்கிவிட்டது.

டாக்டரிடம் இன்னும் இரண்டு கேள்விகள். பிளாஸ்டிக்கில் இருக்கிற பிபிஏ என்கிற ரசாயனம் உடம்புக்கு ஆகாது என்கிறார்களே, அது இதிலிருந்து உடம்பில் சேருமா? அப்புறம், உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் சொத்தை ஆரம்பித்திருந்தால், மேலே மூடிவிட்டால் அது உள்ளேயே பரவாதா? கணவர் இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

பல்நோக்கு டாக்டர்:

இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விதான். பெரும்பாலான சீலன்ட்டுகளில் இருக்கிற ரெசின் என்கிற பிளாஸ்டிக் மாதிரிப் பொருளைத் தயாரிக்க பிபிஏ மூலப்பொருள். சீலன்ட்டில் அதைத் தனியாகச் சேர்ப்பதில்லை, ஆனால் மிச்சம் மீதி மிக நுண்ணிய அளவில் இருக்கலாம். போட்ட முதல் சில மணி நேரத்தில் எச்சிலில் தெரியும், அப்புறம் குறைந்துவிடும். சாப்பாட்டுப் பாத்திரங்கள், டப்பாக்கள் வழியாக வருவதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். லைட் காட்டிய பிறகு மேலே இறுகாமல் ஒரு மெல்லிய படலம் நிற்கும், அதைப் பஞ்சால் துடைத்துவிட்டு, பிள்ளையை வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னால் அதுவும் பெருமளவு போய்விடும். இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஒரு நிமிட வேலை.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் கிளாஸ் அயனோமர் என்று இன்னொரு வகை இருக்கிறது, சாதாரண வகையில் ரெசினே கிடையாது. சீக்கிரம் தேய்ந்து உதிரும், ஆனால் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஒட்டும், புளோரைடும் கசியவிடும். உங்கள் மகளுக்குப் பாதி வந்திருக்கிற மேல் பற்கள் இரண்டுக்கும் நான் இதைத்தான் யோசிப்பேன். ஈறு இன்னும் மேலே மூடியிருக்கும்போது பல்லை முழுசாக உலர்த்த முடியாது, அங்கே ரெசினைப் போட்டால் அப்பாவி அப்பாவின் பையனுக்கு நடந்ததுதான் நடக்கும். பல் முழுசாக வந்த பிறகு ரெசின் போட்டுக்கொள்ளலாம்.

மூடிவைத்தால் பரவுமா என்றால், ஓட்டை விழாத ஆரம்பக் கட்டமாக இருந்தால் பரவாது, நின்றுவிடும். கிருமிக்கு மேலிருந்து சர்க்கரை போய்ச் சேர்ந்தால்தான் அமிலம் உண்டாக்கும், பாதை அடைத்துவிட்டால் பெரும்பாலானவை செத்துப்போகும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் ஓட்டை விழாத சொத்தைக்கு மேல் சீலன்ட் போடலாம் என்றுதான் சொல்கிறது. ஓட்டையே விழுந்திருந்தால் கதை வேறு, அதற்கு ஃபில்லிங். ஆபத்து எங்கே என்றால், பாதி உரிந்த சீலன்ட்டின் ஓரத்தில் உணவு போய்த் தங்குவதில்தான். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள், உரிந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசினால் போதும். நன்றாகப் பிடித்தது ஐந்து வருடத்துக்கு மேலும் நிற்கும்.

தருமபுரிக்காரன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு ஜாஸ்தி. ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு பரவாயில்லை, ஆனாலும் பெரிய பையனுக்குப் பல்லெல்லாம் பழுப்புத் திட்டு. புளோரைடு உள்ள பல்லில் சொத்தை வராது, சீலன்ட் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?

பல்நோக்கு டாக்டர்:

சரியில்லை. புளோரைடு பாதிப்பு லேசான வெள்ளைக் கோடுகளோடு நின்றிருந்தால் பல் ஓரளவு உறுதியாகவே இருக்கும். பழுப்புத் திட்டு, சின்னச் சின்னப் பள்ளம் என்று போய்விட்டால் எனாமல் நுண்துளைகளோடு பலவீனமாக இருக்கும், சொத்தை தாராளமாக வரும். சீலன்ட் போடலாம், ஆனால் அந்த எனாமல் அமிலத்துக்குச் சீக்கிரம் மசியாது, ஜெல்லை வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். உங்கள் ஊர் டாக்டர்களுக்கு இது பழகியிருக்கும், இருந்தாலும் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தான் என்பதைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இப்போது குடிக்கிற தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாது. பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்க வேண்டாம், விழுங்காமல் துப்ப வையுங்கள்.

வைகைக்கரை:

சனிக்கிழமை கீழ்ப்பல் இரண்டுக்கும் நேரம் வாங்கிவிட்டேன். உதவிக்கு ஆள் இருப்பார்களா என்று கேட்டேன், இருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். மேல்பல்லை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். மகள் கேட்கச் சொன்னது ஒன்று பாக்கி: அன்றைக்கே ஐஸ்க்ரீம் சாப்பிடலாமா?

பல்நோக்கு டாக்டர்:

ரெசின் என்றால் லைட் காட்டியதுமே இறுகிவிடும், சாப்பிடலாம். ஐஸ் கட்டியைக் கடிப்பதும் ஒட்டுகிற மிட்டாயை மெல்லுவதும் மட்டும் வேண்டாம், அவைதான் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். கடிக்கும்போது ஏதோ இடறுகிறது என்று ஓரிரண்டு நாள் சொல்வாள், தானாகத் தேய்ந்து சரியாகிவிடும். அதற்கு மேலும் சொன்னால் கூட்டிப் போங்கள், உயரமாக இருக்கிற இடத்தைத் தேய்த்துவிடுவார்கள்.