எல்லையைக் காப்பவர் என்று யாரைச் சொல்கிறோம்?

திருகோணமலை நகரின் உவர்மலையிலிருந்து ஒருவர்:

நகரில் வளர்ந்த எங்களுக்குத் தென்னமரவடி பெரும்பாலும் மேடைப் பேச்சில் கேட்ட பெயர். இலங்கையின் வடக்கு மாகாணமும் கிழக்கு மாகாணமும் தொடும் இடத்தில் உள்ள ஊர், 1984 இறுதியில் தமிழ் மக்கள் விரட்டப்பட்ட ஊர், போர் முடிந்த பின்னரே அவர்கள் திரும்ப முடிந்த ஊர் என்று சொல்லிச் சொல்லி, அதை ஒரு காவலரண் போலவே எண்ணப் பழகியிருந்தோம். புல்மோட்டையைத் தாண்டி அங்கு சென்றபோது, மீள்குடியேறிய முதியவர் ஒருவரிடம், "நீங்கள்தானே ஐயா எங்கள் எல்லையைக் காக்கிறீர்கள்" என்றேன். "காவலுக்கு வரவில்லை, தம்பி. அப்புவின் வயல் இங்கே கிடக்கிறது, வந்தோம். காவல்தான் முக்கியமென்றால் நகரத்திலிருந்து நாலு குடும்பம் வந்து இருக்கட்டுமே" என்றார் அவர். அதன் பிறகு யானைகளைப் பற்றியே நெடுநேரம் பேசினார்.

நாங்கள் மணலாறு என்றும் அரசு வெலிஓயா என்றும் அழைக்கும் பகுதியில் குடியமர்த்தப்பட்ட சிங்கள விவசாயிகளும் அப்போது நினைவுக்கு வந்தனர். போர்க்காலத்தில் ஊர்காவற்படை என்று துப்பாக்கியைக் கையில் கொடுத்து, அவர்களுக்கும் தூரத்தில் இருந்தவர்களே காவலர் பட்டம் சூட்டினார்கள். இருவரையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. ஒருவர் வெளியேற்றப்பட்ட நிலப்பரப்பில்தான் மற்றவர் குடியமர்த்தப்பட்டார். ஆயினும் பட்டம் சூட்டியவர்கள் எந்தப் பக்கத்திலும் அங்கே குடியிருக்கவில்லை.

ஈச்சிலம்பற்றிலிருந்து ஒருவர்:

எங்கள் ஊரும் எல்லைதான், திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லை. வெருகல் ஆற்றுக்கு அப்பால் மட்டக்களப்பு மாவட்டம். ஆனால் எவரும் எங்களைக் காவலர் என்று புகழ்ந்ததில்லை. அக்கரையில் இருப்பவரும் தமிழர் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். மாவட்டக் கோடு வரைபடத்தில் இருக்கிறது. சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கு இரு பக்கத்தாரும் வருகிறார்கள், கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்களும் இவ்வழியே ஆற்றைக் கடக்கிறார்கள்.

அம்மாவுக்கு அந்த ஆறு வேறொன்று. 2006இல் ஷெல் விழத் தொடங்கியதும், மூதூர் கிழக்கிலிருந்தும் எங்கள் பகுதியிலிருந்தும் சனம் வாகரைப் பக்கம் ஓடியது. ஆற்றைக் கடந்ததும் உயிர் தப்பினோம் என்று நம்பியதாகவும், சில மாதங்களில் அங்கிருந்தும் ஓட வேண்டி வந்ததாகவும் அவர் சொல்வார். அக்கரையில் எங்களுக்கு வளவில் இடம் தந்த குடும்பத்தாரை ஒவ்வொரு திருவிழாவிலும் தேடிப் பிடித்து, எங்கள் வீட்டில் சாப்பிட வைத்த பின்னரே அனுப்புகிறார்.