புதுப்பிப்பு: மேசை அட்டையின் கியூஆர் குறியீடு திறக்கிறது

யாங்கூனில் எங்கள் தோசைக் கடை மேசைகளில் வைத்த கியூஆர் குறியீடு இரண்டே வாரத்தில் செத்துப்போனது என்று முன்பு புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. இலவசமாகச் செய்துகொடுத்த தளம் எங்கள் உணவுப் பட்டியலின் இணைய முகவரியை நேராகப் பதிக்காமல் தன் வழியாகச் சுற்றிவிட்டிருந்தது. சோதனைக் காலம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டது. 60 அட்டை குப்பைக்குப் போயிற்று.

இப்போது உணவுப் பட்டியலின் முகவரியையே குறியீட்டுக்குள் வைத்துவிட்டேன். முதலில் கடைப் பெயரைத் தமிழிலேயே முகவரியில் போட்டேன், ஆசைதான்! ஒவ்வோர் எழுத்தும் குறைந்தது 9 குறிகளாக விரிய, கட்டங்கள் கடுகாய்ப் பொடிந்துவிட்டன. ஆங்கில எழுத்தில் சுருக்கியதும் தெளிந்தது. பிழைதிருத்தம், அதாவது குறியீட்டில் கொஞ்சம் மறைந்தாலும் படிக்கவைக்கும் ஏற்பாடு, 30 சதவீத அளவில் இருப்பதால் சாம்பார் தெறித்த அட்டையும் திறக்கிறது. மின்சாரம் போகும் நேரத்துக்கென்று நான்கு காகிதப் பட்டியல்கள் கல்லாவருகே கிடக்கின்றன.